கட்டளைவரி வேலைப் பட்டியல்: கோளாறைப் பார்த்து மருந்து

டெர்மினலில் வேலைப் பட்டியல் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் செய்தி பெரும்பாலும் இதுதான்: “எல்லாம் அழிஞ்சுபோச்சு.” உட்கார்ந்து பார்த்தால் அநேகமாக எதுவும் அழிந்திருக்காது. ஈபி பில், கேஸ் புக்கிங், ரிச்சி தெருவில் வாங்கவேண்டிய கேபிள் எல்லாம் கோப்பில் அப்படியே இருக்கும். கோப்புக்கும் நம் கண்ணுக்கும் நடுவில்தான் ஏதோ ஒன்று இடறியிருக்கும்.

இங்கே பெரும்பாலும் டூடூ.எஸ்ஹெச் பற்றித்தான் பேசுகிறேன். 2006இல் ஜினா ட்ரபானி தொடங்கிய டூடூ.டிஎக்ஸ்டி முறையின் கட்டளைவரிக் கருவி அது. ஒரு வரிக்கு ஒரு வேலை, முன்னுரிமைக்கு அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து, திட்டத்துக்கு + குறி, இடத்துக்கோ சூழலுக்கோ @ குறி, அவ்வளவுதான். டாஸ்க்வாரியர் என்ற இன்னொரு கட்டளைவரிக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு, வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியம். சிபி கட்டளையால் டூடூ.டிஎக்ஸ்டி கோப்பை இன்றைய தேதி போட்ட பெயரில் நகல் எடுங்கள். பிறகு கேட் கட்டளையால் கோப்பை நேராகத் திறந்து படியுங்கள். கருவி என்ன காட்டுகிறது என்பதை அப்புறம் பார்க்கலாம், கோப்பில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். பதற்றத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழுது பார்க்கப் போய் உண்மையாகவே அழித்துவிடுவது அப்போதுதான்.

பட்டியல் காலியாக வருகிறது

பட்டியலைக் காட்டும் டூடூ.எஸ்ஹெச் எல்எஸ் கட்டளையைக் கொடுத்ததும் கடைசியில் ஒரு வரி வரும், மொத்தம் எத்தனை வேலையில் எத்தனை காட்டப்பட்டது என்று. அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் நோய் எது என்று சொல்வதே அந்த வரிதான். “42இல் 0” என்று வந்தால் கோப்பு சரியாக இருக்கிறது; நீங்கள் கொடுத்த தேடுசொல் எதனுடனும் பொருந்தவில்லை. சொல்லை எடுத்துவிட்டு வெறும் எல்எஸ் கொடுத்துப் பாருங்கள். வந்துவிட்டால், கீழே ‘தேடினால் கிடைக்கவில்லை’ பகுதிக்குப் போங்கள்.

“0இல் 0” என்று வந்தால், கருவி வேறொரு கோப்பைத் திறந்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் டூடூ_டிர் என்ற மாறி எந்த அடைவை (ஃபோல்டரை) காட்டுகிறது என்று பாருங்கள். அந்த அமைப்புக் கோப்பே இரண்டு இடத்தில் இருக்கலாம்: வீட்டு அடைவில் .டூடூ.சிஎஃப்ஜி என்று ஒன்று, .டூடூ அடைவுக்குள் கான்ஃபிக் என்று இன்னொன்று. ஒன்றைத் திருத்திவிட்டு, கருவி மற்றொன்றைப் படித்துக்கொண்டிருப்பது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் போனவர்கள் உண்டு. எந்த அமைப்பைப் படிக்க வேண்டும் என்று சிறிய டி விருப்பத்தோடு பாதையையும் கொடுத்து ஓட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எப்போதாவது சூடோ போட்டு, அதாவது ரூட் என்னும் நிர்வாகியின் உரிமையோடு, ஓட்டினீர்களா? அப்படியானால் ரூட் பயனரின் வீட்டு அடைவில் ஒரு புதிய பட்டியல் பிறந்திருக்கலாம், அல்லது உங்கள் அடைவிலேயே ரூட் பெயரில் ஒரு கோப்பு உருவாகியிருக்கலாம். சிஸ்டத்தின் எல்எஸ் மைனஸ் எல் கட்டளையில் பார்த்தால் சொந்தக்காரர் பெயர் தெரியும். உங்கள் பெயர் இல்லையென்றால் சிஹெச்ஓன் கட்டளையால் மாற்றுங்கள். வேலைப் பட்டியலுக்கு சூடோ ஒருபோதும் தேவையில்லை.

டெபியன், உபுண்டுவில் தொகுப்பாக நிறுவியவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கட்டளையின் பெயர் டூடூ-டிஎக்ஸ்டி. டூடூ.எஸ்ஹெச் என்று தட்டினால் “கட்டளை இல்லை” என்றுதான் வரும்.

டாஸ்க்வாரியரில் பட்டியல் காலியானால் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, கான்டெக்ஸ்ட். ஆபீசில் இருக்கும்போது ஆபீஸ் சூழலை இயக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டு வேலைகள் கண்ணில் படாது. டாஸ்க் கான்டெக்ஸ்ட் நன் என்று கொடுத்தால் திரை விலகும். இரண்டாவது, வெயிட் தேதி போட்ட வேலைகள். அந்தத் தேதி வரும்வரை அவை மறைந்தே இருக்கும், டாஸ்க் வெயிட்டிங் கொடுத்தால் தெரியும். மூன்றாவதுதான் பலரை அழவைத்தது. 2024இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து தரவு எஸ்க்யூலைட் கோப்புக்கு மாறிவிட்டது. பழைய பதிப்பின் பென்டிங்.டேட்டா, கம்ப்ளீட்டட்.டேட்டா கோப்புகளைப் புதிய பதிப்பு தானாக எடுத்துக்கொள்வதில்லை. அவை அதே அடைவில் பத்திரமாக இருக்கும். 3 வரிசையின் பிந்தைய பதிப்புகளில் டாஸ்க் இம்போர்ட்-வி2 என்ற கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் உள்ளே வந்துவிடும். அந்தப் பழைய கோப்புகளை மட்டும் “இனி எதற்கு” என்று நீக்கிவிடாதீர்கள்.

ஒன்றை முடித்ததாகக் குறித்தால் வேறொன்று முடிகிறது

பட்டியலைப் பார்க்கிறீர்கள். 3ஆவது, மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிவு. 5ஆவது, மாடியில் டேங்க் சுத்தம். இரண்டும் முடிந்தது. டூ 3 கொடுக்கிறீர்கள், பிறகு டூ 5 கொடுக்கிறீர்கள். மறுநாள் பார்த்தால் டேங்க் இன்னும் பட்டியலில் இருக்கிறது, பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வேலை முடிந்ததாகப் போய்விட்டது.

காரணம் எளிது. டூடூ.எஸ்ஹெச் காட்டும் எண் வெறும் வரி எண். தொடக்க அமைப்பில் தானியங்கி ஆர்கைவ் இயங்கும். ஒரு வேலையை முடித்தவுடன் அந்த வரி டன்.டிஎக்ஸ்டி கோப்புக்கு நகரும், கீழே இருப்பவை எல்லாம் ஒரு படி மேலே ஏறும். நீங்கள் 5 என்று சொன்ன நேரத்தில் 5ஆவது இடத்தில் இருந்தது பழைய 6.

திருத்துவது கடினமில்லை. டன்.டிஎக்ஸ்டி கோப்பின் கடைசியில் அந்த வரி இருக்கும், முன்னால் சின்ன எக்ஸும் முடித்த தேதியும் ஒட்டியிருக்கும். அந்த இரண்டையும் வெட்டிவிட்டு வரியை டூடூ.டிஎக்ஸ்டி கோப்பில் ஒட்டுங்கள். முடிக்கும்போது கருவி முன்னுரிமை எழுத்தை எடுத்துவிடும், ஆகவே அது முதல்தர வேலையாக இருந்தால் (ஏ) என்பதை நீங்களே திரும்பப் போட வேண்டும். இதை மறந்தால் வேலை திரும்பி வந்தும் பட்டியலின் அடியில் கிடக்கும்.

இனி நடக்காமல் இருக்க, இரண்டையும் ஒரே கட்டளையில் சொல்லுங்கள்: டூ 3 5. அப்போது இரண்டையும் குறித்துவிட்டுத்தான் ஆர்கைவ் ஓடும். ஆனால் நான் பரிந்துரைப்பது டூடூடிஎக்ஸ்டி_ஆட்டோ_ஆர்கைவ் மாறியை 0 ஆக்குவது. பகல் முழுவதும் எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இரவு ஒருமுறை ஆர்கைவ் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். முடித்த வேலைகள் எக்ஸ் குறியோடு மாலைவரை கண்முன் நிற்பதும் ஒரு தெம்புதான்.

டூடூ.டிஎக்ஸ்டி.பிஏகே என்று ஒரு கோப்பு பக்கத்தில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருவி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முந்தைய நிலையை அதில் விட்டுவைக்கிறது. ஒரே கட்டளைக்குள் இரண்டு மூன்று மாற்றம் நடந்தால் கடைசிப் படிக்கு முந்தையதுதான் அதில் நிற்கும். கைக்குக் கிடைத்தால் நல்லது, காப்புப்பிரதி என்று நம்பி இருக்கக் கூடாது.

டாஸ்க்வாரியரிலும் எண்கள் மாறும். வேலைகள் முடிந்தபின் அடுத்த அறிக்கையைக் கேட்டதும் புதிதாக எண்ணிவிடும். அங்கே யூயூஐடியின் (ஒவ்வொரு வேலைக்கும் உள்ள தனி அடையாளத்தின்) முதல் 8 எழுத்தைக் கொடுங்கள், அது மாறவே மாறாது. தவறிவிட்டால் உடனே டாஸ்க் அன்டூ.

எழுதியது பாதிதான் பதிவாகிறது

சென்னை முகவரியை எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பழைய எண், புதிய எண் இரண்டையும் சேர்த்து #14/7 என்று தட்டினால், # குறியிலிருந்து வரி முழுவதையும் பேஷ் (நாம் தட்டும் கட்டளையை முதலில் படிக்கும் ஷெல்) குறிப்புரை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். பட்டியலில் “கூரியர் கொடுக்க” என்பது மட்டும் இருக்கும், எங்கே என்பது இருக்காது.

$20 என்று எழுதினால் 0 மட்டும் மிஞ்சும். $2 என்பது ஷெல்லுக்கு ஒரு மாறி, அதில் ஒன்றும் இல்லை. ₹ குறிக்கு இந்தத் தொல்லை கிடையாது. & போட்டால் கட்டளை அங்கேயே இரண்டாகப் பிளக்கும். அடைப்புக்குறி போட்டால் இலக்கணப் பிழை என்று திட்டும். ஆச்சரியக்குறியை ஒட்டி இன்னோர் எழுத்து வந்தால் “ஈவென்ட் நாட் ஃபவுண்ட்” வரும், இரட்டை மேற்கோளுக்குள் போட்டாலும்கூட.

மருந்து, ஒற்றை மேற்கோள். அதற்குள் ஷெல் எதையும் தொடாது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு நடுவில் வரும் அப்பாஸ்ட்ரஃபி தொல்லை கொடுக்கும். தமிழில் அந்தக் குறியே வராது என்பதால் நமக்கு இது மிகப் பொருத்தம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாட்டிலிருந்தோ போனிலிருந்தோ வெட்டி ஒட்டினால் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். ஷெல்லுக்கு அது மேற்கோளே இல்லை.

இதைவிடவும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. டூடூ.எஸ்ஹெச் ஆட் என்று மட்டும் தட்டி என்டர் அழுத்துங்கள். கருவியே ஒரு வரி கேட்கும். அங்கே தட்டுவது ஷெல்லின் கையில் சிக்காது, என்ன குறி வேண்டுமானாலும் போடலாம்.

தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது

தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கே உரிய கோளாறு இது. இதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் பலர் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லிஸ்ட்கான் என்ற கட்டளை எல்லா @ குறிச்சொற்களையும் ஒருமுறை மட்டும் காட்டும். அதில் @தொலைபேசி இரண்டு தடவை வந்தால், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வெவ்வேறு சொற்கள் கோப்பில் இருக்கின்றன. ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சொல்லைத் தேடித்தரும் கிரெப் கட்டளைக்கு அவை வேறு வேறு பைட்டுகள். போனில் ஒரு விசைப்பலகை, மடிக்கணினியில் இன்னொன்று என்று இருந்தால் இது நடக்கலாம்.

இதற்குத் தீர்வு, இரண்டாக எழுதியதை ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்னும் வடிவத்துக்கு முழுக் கோப்பையும் மாற்றுவது. ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் கருவிகளோடு வரும் யூகான்வ் இதைச் செய்யும். பைத்தானில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயல்கூறும் செய்யும். மாற்றியபின் @தொலைபேசி ஒன்றாகிவிடும்.

அடுத்தது என்எஃப்சியால் தீராதது. கௌரி என்ற பெயரை ஒளகாரக் குறியால் எழுதுவதற்குப் பதில் கெ போட்டு ள போட்டு எழுதுபவர்கள் ஏராளம். சௌந்தர்யா, பௌர்ணமி, மௌனம் எல்லாவற்றுக்கும் இதே கதி. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் இவை எழுத்தாலேயே வேறு சொற்கள். இதை, கோப்பில் எழுத்துகளை மாற்றித்தரும் செட் கட்டளையால் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஒற்றைக் கொம்பும் ளகரமும் வரும் இடத்தையெல்லாம் மாற்றினால் வெள்ளிக்கிழமை, தெளிவு, வெளியூர் எல்லாம் சிதைந்துபோகும். கிரெப்பால் அந்தக் கூட்டு வரும் வரிகளை எடுத்து, கண்ணால் பார்த்து, பெயர்களை மட்டும் கையால் திருத்துங்கள்.

ஸ்ரீயும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் எழுதப்படுகிறது, ஶகரத்தில் தொடங்கியும் எழுதப்படுகிறது. க்ஷ வரும் பெயர்களில் நடுவே அகலமில்லாத கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைச் சில விசைப்பலகைகள் நுழைத்துவிடும். ஆகவே குறிச்சொற்களாவது இவை வராத சொற்களாக இருக்கட்டும் என்பது என் வழக்கம்: @கடை, @வீடு, @வங்கி. ஒகரம் ஒளகாரம் இல்லாத சின்னச் சொற்கள் எந்தக் கருவியிலும் தடுக்காது.

குறிச்சொல்லில் ஒகரமே இல்லை, +வீடு இரண்டு தடவை வருகிறது என்றால் அது வேறு நோய். ஃபைல் கட்டளைக்கு டூடூ.டிஎக்ஸ்டியைக் கொடுங்கள். சிஆர்எல்எஃப் என்ற சொல் விடையில் வந்தால், விண்டோஸில் திறந்து சேமித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு மறைந்த எழுத்து ஒட்டியிருக்கிறது. பாம் (பிஓஎம்) என்று வந்தால் கோப்பின் தொடக்கத்தில் 3 மறைந்த பைட்டுகள் உள்ளன. முதல் வேலைக்கு மட்டும் (ஏ) முன்னுரிமை வேலை செய்யாமல் போவதற்கு அதுதான் காரணம். டாஸ்2யூனிக்ஸ் கட்டளை இரண்டையும் சேர்த்தே நீக்கும்.

இரண்டு வேலை ஒரே வரியில் ஒட்டிக்கொள்கிறது

கோப்பின் கடைசி வரிக்குப் பின் வரிமுறிவு இல்லை. சில எடிட்டர்கள் அதைப் போடுவதில்லை. அதன்பின் எக்கோவும் இரட்டை அம்புக்குறியும் போட்டு நீங்களே ஒரு வரி சேர்த்தால், முந்தைய வேலையின் வாலில் போய் ஒட்டும். எடிட்டரில் பிரித்துவிட்டு, கடைசியில் ஒரு என்டர் தட்டிச் சேமியுங்கள். சேர்ப்பதற்கு எக்கோவை விட்டு ஆட் கட்டளையையே பயன்படுத்துங்கள்.

அகரவரிசை தப்பாக வருகிறது

‘அகல் விளக்கு வாங்க’ முதலில் வருகிறது, ‘அக்காவுக்குப் பணம்’ அதற்குப் பிறகு வருகிறது. அகராதியில் அக்காதான் முன். டூடூ.எஸ்ஹெச்சின் வரிசைப்படுத்தும் கட்டளை எல்சி_கொலேட் மதிப்பை சி என்று வைத்து ஓடுகிறது. அதாவது பைட் வரிசை. யூனிகோடில் புள்ளி எல்லா எழுத்துக்கும் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து பின்னுக்குப் போகிறது. ழகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால் பழம் வந்தபிறகுதான் பவளம் வரும். கோப்பில் தவறு ஒன்றும் இல்லை. வேலைப் பட்டியலில் அகரவரிசையை நான் நம்புவதே இல்லை; முன்னுரிமை எழுத்து போட்டுவிட்டால் அதுதான் முதலில் நிற்கும்.

டெர்மினலில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதும், டாஸ்க்வாரியரின் பத்திகள் கோணலாவதும் இதைப் போலத்தான், தோற்றக் கோளாறு. வேறொரு டெர்மினலை முயன்று பாருங்கள். எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகளாக வந்தால் மட்டும் லோகேல் கட்டளையைக் கொடுங்கள். விடையில் யூடிஎஃப்-8 இல்லையென்றால் லாங் மாறியைத் திருத்த வேண்டும்.

விடியற்காலையில் சேர்த்த வேலைக்கு நேற்றைய தேதி

மார்கழியில் நான்கரை மணிக்கே எழுந்துவிடுவேன். கோலம் போடும் சத்தம் தவிர தெருவில் எதுவும் கேட்காது. அன்றைய வேலைகளை எழுத அதைவிட நல்ல நேரம் எனக்கு இல்லை. சர்வரில் வைத்த பட்டியலில் அப்போது சேர்த்தவை எல்லாம் முந்தைய நாள் தேதியோடு விழுந்தன. பகலில் சேர்த்தவை சரியாக இருந்தன. இப்படிக் காலை 5.30க்கு முன் மட்டும் தப்பினால் சந்தேகமே வேண்டாம், கணினி யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால்.

டைம்டேட்சிடிஎல் கட்டளையால் நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று அமையுங்கள். ஏஷியா/சென்னை என்று ஒரு மண்டலம் கிடையாது. டிஇசட் மாறியில் அப்படிப் போட்டாலும் லினக்ஸ் பிழை எதுவும் சொல்லாது, சத்தமில்லாமல் யூடிசிக்கே போய்விடும். டேட் கட்டளையின் விடையில் ஐஎஸ்டி என்று வரவேண்டிய இடத்தில் ஏஷியா என்று வந்தால் இதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

முடித்த வேலை மறுநாள் திரும்ப வருகிறது

போனிலும் மடிக்கணினியிலும் ஒரே கோப்பை ஒத்திசைத்து வைத்திருப்பவர்களுக்கு நேர்வது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் நெட் இல்லாமல் இருந்தபோது எனக்கே நடந்தது. போனில் சிலவற்றை முடித்தேன், மடிக்கணினியில் சிலவற்றைச் சேர்த்தேன். இணைப்பு வந்ததும் “முரண்பட்ட நகல்” என்று இரண்டாவது கோப்பு முளைத்தது.

இரண்டையும் கேட் கட்டளையால் சேர்த்து, சார்ட் மைனஸ் யூவுக்கு அனுப்பினால் இரட்டிப்பு நீங்கிய ஒரே பட்டியல் கிடைக்கும். இங்கே நிறுத்திவிட்டால்தான் முடித்த வேலை உயிர்பெறும், ஏனென்றால் மற்ற நகலில் அது முடியாத வரியாக இருக்கிறது. டன்.டிஎக்ஸ்டியின் கடைசி சில வரிகளைத் திறந்துவைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகப் புதிய பட்டியலிலிருந்து கையால் நீக்குங்கள். அதன்பின் ஆர்கைவ் செய்யும் உரிமையை ஒரே சாதனத்துக்குக் கொடுங்கள்; போன் செயலியில் தானாக ஆர்கைவ் செய்வதை அணைத்துவிடுங்கள்.

க்ரான் நினைவூட்டல் வரவில்லை, அல்லது மதியம் வருகிறது

குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் க்ரான் வழியாகக் காலை 7 மணிக்கு வரவேண்டியது மதியம் 12.30க்கு வந்தால், மேலே சொன்ன நேர மண்டலம்தான். மண்டலத்தை மாற்றியபின் க்ரான் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

வரவே இல்லையென்றால், க்ரானுக்கு உங்கள் ஷெல்லின் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். டூடூ.எஸ்ஹெச்சின் முழுப் பாதையையும், மைனஸ் டி போட்டு அமைப்புக் கோப்பின் முழுப் பாதையையும் எழுத வேண்டும். கட்டளையில் தேதி வடிவத்துக்காக % குறி இருந்தால் அதன் முன்னால் ஒரு பின்சாய்வு போடுங்கள். க்ரான்டேபில் % என்றால் வரிமுறிவு. கையால் ஓட்டும்போது ஓடி, க்ரானில் மட்டும் பாதியில் நிற்கிற கட்டளைகளில் நான் முதலில் தேடுவது இந்தக் குறியைத்தான்.